மூன்றாம் ஓலைக்கு முன்

அருள்,

முதலில் சாப்பிட்டுவிடு, பிறகு படி. உன் சோற்றுத் தட்டுக்கு அடியில்தான் இதை வைக்கப்போகிறேன். படித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தால் நீ சாப்பிடவே மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். கவரை ஒட்டவில்லை. அப்பா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், நீயாக யாரிடமாவது காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துப்போய்விட்டது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று சிரிப்பாய். நான் வாயைத் திறந்தாலே ‘ஆரம்பிச்சிட்டியா’ என்று வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுகிறாய். செருப்பைத் தேடாத நாளில் உட்கார்ந்து பேசுகிறாய், அது இன்னும் மோசம். இந்த ஒரு வருஷத்தில் ஊர் ஊராகக் கூட்டிப்போய் உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்திக் கண்ணைத் துடைக்க வேண்டும் என்று தெரிந்து பேசுகிறாய். கேட்கிற நானும் அழுதுவிடுகிறேன். அழுது முடித்தபின் எதைக் கேட்க வந்தேன் என்பதே மறந்துபோகிறது. அதனால்தான் இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சமையல் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கையெல்லாம் பருப்பு வாசனை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வருகிற ஞாயிறு பூசையில் உன் கலியாணத்துக்கு மூன்றாம் ஓலை, கடைசி அறிவிப்பு, வாசிக்கப்போகிறார்கள். நம் கோயிலில் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருடைய ஓலையைக் கேட்டிருக்கிறேன். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகளைக் கைப்பிடிக்கப் போகிறார், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று வாசிப்பார்கள். அந்தக் கடைசி வரியை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அந்த நேரம்தான் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வார்கள், பிள்ளைகளைக் கிள்ளுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் அந்த வரி என்னைப் பார்த்து வாசித்தது மாதிரி இருந்தது. முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். தடையை அறிந்தவள் நான் ஒருத்திதான், அருள். நீ மறுபடி போதைக்காக அந்தப் பெயிண்ட் தின்னரை மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாய். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பிலோமிக்கு அது தெரியாது. அவளுக்கு நீ முதலில் மோந்து பார்த்ததே தெரியாது.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய், கழுவிய அண்டாவையே மறுபடி கழுவிக் கவிழ்த்தேன்.

மறைமலை நகர் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பகுதியில் உன்னைச் சேர்த்துக்கொண்ட நாளில் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ காக்கிச் சட்டையின் மடிப்பு கலையாமல் கையைத் தூக்கியே வைத்திருப்பாய். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் உனக்கு முன்னால் அந்த வாசனை நுழையும். பெயிண்டும், அதை இளக்கும் தின்னரும் கலந்த வாசனை. அக்கம்பக்கத்தில் எல்லார் பிள்ளைகளும் சேற்று வாசனையோடும் மாட்டு வாசனையோடும் வருகிறபோது என் பிள்ளை மட்டும் கம்பெனி வாசனையோடு வருகிறான் என்று எனக்குப் பெருமை. உன் சட்டையைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவேன். மாதச் சம்பளத்துக்கு வாசனை என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு கூமுட்டை உண்டா?

பிறகு நீ சோறு வேண்டாம் என்றாய், தலை வலிக்கிறது என்றாய். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னாய். கூட்டு ரோட்டில் சைக்கிளோடு விழுந்து கிடந்தாய் என்று யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடித்திருக்கிறான் என்றார்கள். அப்பா உன் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “சரக்கு வாசன இல்ல. வெயிலு அடிச்சிருக்கு, மோர் குடு” என்றார். மோர் கொடுத்தேன். நம் வீட்டுக்கு, நம் ஊருக்கே, பிள்ளை கெட்டுப்போனான் என்றால் சாராயம்தான். வேறு ஒன்று இருக்கிறது என்று எங்கள் புத்திக்கு எட்டவில்லை. கை துடைக்கக் கொடுக்கும் பனியன் வேஸ்ட்டைத் தின்னரில் நனைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று கம்பெனி சூப்பர்வைசர் வந்து சொன்னபோது, அதில் என்ன தப்பு என்று அவரையே நான் கேட்டேன். துணி திருடிவிட்டாய் என்று சொல்ல வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அதை மோந்து மோந்துதான் நீ போதையில் கிடக்கிறாய் என்று அவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கத்தை விடவைக்க மெட்ராஸில் சேர்த்தோமே, அந்த ஆஸ்பத்திரியில் நீ இருந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. திரும்பி வந்து, பேக்கிங் பகுதிக்கு மாற்றிக் கொடுத்தார்கள் என்று வேலைக்குப் போக ஆரம்பித்தாய். வாசனை இல்லாமல் வந்தாய். அந்தச் சட்டைகளை முகர்ந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து, கிணற்றடியில் உட்கார்ந்து நான் அழுதது உனக்குத் தெரியாது. அது சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் படம் வந்து சேர்ந்தது. போன வருஷம் தவக்காலத்தில் ஜீப்பில் புரொஜெக்டரும் ரீல் பெட்டியுமாகத் துறவிகள் சபையைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். கோயில் சுவரில் வேட்டியை இழுத்துக் கட்டி, போதையில் விழுந்த ஒரு வாலிபனின் கதையைப் போட்டார்கள். பெரிய வீட்டுப் பையன், காலேஜ் படிக்கிறான், கூடாத சிநேகம், குடி. நாலு தரம் மாடிப்படியில் உருண்டு விழுகிறான். என் பக்கத்தில் இருந்தவள், “அவங்க வூட்டுல படிக்கட்டு கீது, உருள்றான். நம்ம வூட்டுல எங்க போயி உருள்றது?” என்றாள். கடைசியில் அந்தத் தாய் ஒரு அறை விடுகிறாள். ஒரே அறை. பையனுக்குப் புத்தி வந்துவிடுகிறது. மழை பெய்கிறது, கோயில் மணி அடிக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் இருந்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடந்து வருகிறான், முடிந்துவிடுகிறது. நானும் உன்னை அறைந்திருக்கிறேன், அருள். மழைதான் பெய்யவில்லை.

படம் முடிந்ததும் சாமியார் உன்னை எழுப்பி நிறுத்தி, உன் அனுபவத்தை இரண்டு வார்த்தை சாட்சியாகச் சொல் என்றார். அன்று நீ சொன்னது உண்மையிலேயே இரண்டு வார்த்தைதான். தின்னர் மோந்து பார்த்தேன், இப்போது இல்லை, அம்மாவுக்குக் கஷ்டம் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, கை தட்டலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. நீ பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான். அதற்குப்பின் நீ அதைப் பேசவில்லை.

சகோதரர்களுக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று. படத்தோடு ஒரு பையனும் கூட வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சாமியாரிடம் கேட்டார்கள். திருவிழா நடக்கிற ஊரெல்லாம் படம், படம் முடிந்ததும் நீ. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஊரிலோ நாலாவது ஊரிலோ, அம்மாவின் கழுத்துச் சங்கிலியைத் திருடி விற்றுச் சாராயம் குடித்தேன் என்று நீ சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கழுத்தில் என்றைக்கடா சங்கிலி இருந்தது? கருப்புக் கயிறும் மாதா சுரூபமும்தானே. அங்கிருந்த பெண்களெல்லாம் என் கழுத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், என்னவோ நான்தான் எங்கேயோ சங்கிலியைத் தொலைத்த மாதிரி. திரும்பி வரும்போது ஜீப்பில் உன்னைக் கேட்டேன். “தின்னரு மோந்தேன்னா யாருக்கும் அழுவ வரலம்மா. ஜனங்களுக்குப் புரியிற மாரி சொல்லுன்னு அவங்கதான் சொன்னாங்க” என்றாய். சாராயமும் சங்கிலியும் எல்லாருக்கும் புரிந்தது. நன்றாக அழுதார்கள்.

யார் மேலும் பழி போட நான் எழுதவில்லை. சாமியாருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, சகோதரர்கள் பாவம், தூசியிலும் வெயிலிலும் அலைகிறவர்கள். நாலு வீட்டுப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துக் குடியை விட்டிருக்கலாம், யார் கண்டது. எனக்கும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகிற ஊரில் எல்லாம் முதல் வரிசையில் நாற்காலி, கலர் சோடா, ‘இவங்கதான் அந்தப் பையனோட அம்மா’ என்று கையைப் பிடித்துக்கொள்ளும் பெண்கள். வருஷக் கணக்கில் சத்துணவு ஆயா என்று கூப்பிட்டவர்கள் ‘அம்மா’ என்றார்கள். உன் அப்பா ஒருவர்தான் மசியவில்லை. ஒரு தடவை வந்தார், இரண்டாவது ரீலில் குறட்டை விட்டுவிட்டு, இனிமேல் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டும் என்று வீட்டிலேயே தங்கிவிட்டார். “ஊர் ஊரா போயி நான் நல்லா ஆயிட்டேன்னு சொல்லிக்கினு திரிஞ்சா, நல்லா ஆவறது எப்போ?” என்று கேட்டார். நான் அவரோடு சண்டை போட்டேன்.

குன்றத்தூரில் நீ பேசியதைக் கேட்டுத்தான் பிலோமியின் அப்பா நம் வீடு தேடி வந்தார். கொத்தனார் வேலை செய்கிற மனுஷன், ஊர் நடுவில் அழுததற்கு வெட்கப்படாதவர். தன் தம்பி குடித்தே செத்தான், திருந்தி நிற்கிறவனுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று வேண்டிக்கொண்டேன் என்றார். இருந்தாலும் உஷாரான ஆள். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மூன்று முறை வந்து, உன் தோளில் கை போட்டு, வாயருகே முகத்தைக் கொண்டுவந்து பேசிவிட்டுப் போனார். எனக்குத் தெரியாதா, எதற்கு என்று? நீ கூட்டு ரோட்டில் விழுந்த அன்று அப்பா தேடிய அதே வாசனையைத்தான் அவரும் தேடினார். நீ பொய்யாகச் சொன்ன கதைக்குக் காவல் இருந்தார். உன் உண்மைக் கதைக்குக் காவல் இருக்க ஊரில் ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்கள். கம்பெனியிலும் திருந்தியவன் என்று பேர் வாங்கிவிட்டாய், பெயிண்ட் பகுதிக்குள் நீ மறுபடி எட்டிப்பார்த்தால் ஏன் என்று கேட்க அங்கே யாருக்குத் தோன்றும்?

இந்தத் தவக்காலத்தில் பிள்ளைப்பாக்கத்தில் படம் போட்டார்கள். பிலோமி அவள் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள், பெண்கள் பக்கத்தில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்தாள். நீ ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாய். படத்தில் அந்தப் பையன் தரையில் கிடக்கிறான், தாய் கதவைத் தட்டுகிறாள், அந்த இடத்தில் கரண்டு போய்விட்டது. ஒரு இருபது நிமிஷம் ஜனங்கள் இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சத்தம் போட்டன. சாமியார் சிரித்துக்கொண்டே, கரண்டு வருகிறவரைக்கும் மீதிக் கதையை நம் அருள் சொல்லுவான் என்றார். அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார்கள். எத்தனை முறை பார்த்த படம் அது. அறை, மழை, மணி, நல்ல சட்டை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். நீ விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

“மீதி எனக்குத் தெரியாது சாமி” என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். பையன் வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். அந்தக் குரலில் குரலை இறக்குகிற வித்தை இல்லை. முதல் நாள் நம் கோயில் சுவருக்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தாயே, அந்தக் குரல். திரும்பிப் பார்த்தேன். பிலோமியும் சிரிக்கவில்லை.

மறுநாள் உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அந்தப் பிளாஸ்டிக் கவர், தின்னரில் நனைத்த துணியோடு இருந்தது. நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. அதை அடுப்பில் போட்டேன், குப்பென்று புருவம் கருகும் அளவுக்குப் பற்றியது. ஒரு நாள் தவறிவிட்டான், பாஸ்காத் திருநாள் வருகிறது, எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சட்டையைக் கசக்கி, நீலம் போட்டுக் காயவைத்தேன். பாஸ்கா வந்தது. முதல் ஓலை வந்தது. இரண்டாம் ஓலையும் வந்தது. நேற்று முன்தினம் உன் காக்கிச் சட்டையைக் கையில் எடுத்தேன், அதன் பை கனமாக இருந்தது.

களைத்துவிட்டேன் அருள். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் தெம்பு இல்லை. புத்திமதி கேட்கும் வயது உனக்கும் தாண்டிவிட்டது, சொல்லும் வயது எனக்கும் தாண்டிவிட்டது. ஆனாலும் தாய் என்று ஒருத்தி இருக்கிறபோது சொல்லாமல் விடமாட்டாள். விழுந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா, மறுபடி விழுந்தால் வெட்கப்படாமல் வாங்க என்று நம்மை அனுப்பும்போதே சொன்னார்கள். போகலாம். நானும் கூட வருகிறேன். வார்டுக்கு வெளியே ஒரு மர பெஞ்சு உண்டு, அதில் உட்கார எனக்குப் பழக்கம்தான். ஆனால் இனிமேல் திருந்தியவனாக எந்த மேடையிலும் ஏறாதே. அங்கே நிற்கிறவனுக்கு விழ இடமில்லை. விழுந்ததைச் சொல்லவும் வாய் இல்லாமல் போகிறது. படம் போடுகிறவர்கள் வந்து கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் சொல்லிக்கொள்கிறேன். வேண்டுமானால் அவர்களுக்கும் சோறு போட்டே சொல்கிறேன்.

கலியாணம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், உன் அழுக்குத் துணி இன்னொருத்தி கைக்குப் போவதுதான். நாளைக்கு உன் சட்டையைத் துவைக்கப்போகிறவள் பிலோமி. அவளும் என்னைப் போலவே, கம்பெனி வாசனையோடு வருகிற புருஷன் என்று பெருமையாக முகர்ந்து பார்க்க வேண்டுமா? நீ பேசிய பேச்சைக் கேட்டு அவள் உன் வாயை முகர்ந்துகொண்டிருப்பாள், பையைத் தொடமாட்டாள். நீ கூட்டு ரோட்டில் விழுந்து கிடந்தால் மோர் கரைத்துக் கொடுப்பாள்.

போன ஞாயிறு இரண்டாம் ஓலை அவர்கள் கோயிலிலும் வாசித்தார்கள் அல்லவா, அன்று சாயங்காலம் பிலோமி அவள் சித்தியோடு நம் வீட்டுக்கு வந்தாள், நீ ஷிப்டுக்குப் போயிருந்தாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, “அத்த, அன்னிக்கு கரண்டு பூடுச்சே, அந்தப் படத்துல மீதி இன்னா ஆச்சு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாதம்மா, அருளைத்தான் கேட்க வேண்டும் என்று சமாளித்தேன். “கேட்டேன் அத்த. சொல்றேன்னாரு. இன்னும் சொல்லல” என்றாள். அவள் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. குன்றத்தூரில் அவள் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவள். மழையையும் மணியையும் பார்த்துவிட்டு, அதற்குப்பின் நீ பேசியதையும் கேட்டவள். அவளுக்குப் படத்தின் மீதி தெரியும். அவள் கேட்டது உன்னுடைய மீதியை.

நாளைக்குச் சனிக்கிழமை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் பிள்ளைப்பாக்கம் சித்தி வீட்டுக்கு வருகிறாள். நீ போய்ச் சொல். தின்னர் என்று சொல், சங்கிலி இல்லை என்று சொல். ஒருவேளை அவள் வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது அவள் உரிமை, பந்தல்காரனிடமும் ஊரிடமும் நான் பேசிக்கொள்கிறேன், அந்த வெட்கம் என் பங்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் வா, அதுவரை பார்க்கலாம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் தெரிந்து சொல்லட்டும். நீ போகாவிட்டால் ஞாயிறு முதல் பூசைக்கு முன்னால் நான் சாமியாரிடம் போவேன். பெற்ற பிள்ளைக்குத் தடை சொன்ன தாய் என்று இந்தப் பங்கில் என் பேர் நிற்கும், நிற்கட்டும். ஆனால் என் வாயால் கேட்டால் அவளுக்கு அது கோள். உன் வாயால் கேட்டால்தான் அது மீதி.

வெள்ளைச் சட்டை இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்திருப்பேன் என்று தேடாதே. அந்தக் காக்கிச் சட்டையை நான் துவைக்கவில்லை. பையில் இருந்ததையும் எடுக்கவில்லை. கொடியில் அப்படியே தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டு போ.

அம்மா